நம்பி எடுத்துப் போங்கள்

கொச்சியில் இருக்கிற எங்கள் லைப்ரரிக்கு வருகிறவர்களில் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. "அழ வைக்கிறது வேண்டாங்க்கா, அதுக்கு வீட்டுலயே ஆளு இருக்கு" என்பாள் ஒருத்தி. இடக்கொச்சியிலிருந்து வரும் வலைக்காரர் மெல்லிய புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒரு சாயாவுக்குக்கூட காணாது சேச்சி" என்று திருப்பித் தருவார். ஜூ டவுனில், அந்தப் பழைய யூதர் தெருவில், பழம்பொருள் கடையில் நிற்கிறவர், "நாள் பூரா டூரிஸ்டுங்ககிட்ட இது நூறு வருசப் பழசு, அது எரநூறு வருசப் பழசுன்னு சொல்லி வாயெல்லாம் பொய்யா இருக்கு. நெசமா நடந்ததா ஒண்ணு குடுங்க" என்று கேட்பார். இவற்றையெல்லாம் எழுதிவைக்க நான் ஒரு நோட்டே போட்டிருக்கிறேன். அலமாரியில் இருப்பதைவிட நல்ல வாக்கியங்கள் பல சமயம் கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பெருக்கித் துடைக்க வந்தவள். மட்டாஞ்சேரியில் மிளகு குடோனுக்கு மாடியில் இருக்கிற லைப்ரரி அது. ஒரு நாள் துடைக்காவிட்டால் அலமாரி மேல் விரலால் பெயர் எழுதலாம். தமிழுக்கு என்று இரண்டு அலமாரி. தூசி தட்டும்போது அட்டையைப் படித்தேன், பிறகு முதல் பக்கத்தை, பிறகு துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தே படித்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அந்த இரண்டு அலமாரிதான் காலேஜ். சில வருடங்களில் தமிழ்ப் புத்தகம் தேடி வருகிறவர்கள் நேராக என்னிடமே வர ஆரம்பித்தார்கள். லைப்ரேரியன் என்னைக் கவுண்டரில் உட்கார வைத்தார். அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். மூன்றாவது ஆள் ஒரு மலையாளி, எங்களுக்குச் சேட்டன். துப்பறியும் கதை கிடைத்தால் அவருக்குச் சோறு வேண்டாம்.

மழைக்காலம் தொடங்கும்போது எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாசல் பக்கம் மேசை போட்டு, மூன்று பேரும் ஆளுக்கு ஐந்து புத்தகம் வைப்போம். ஐந்தும் ஐந்து வகையாக இருக்க வேண்டும். ஏன் பிடித்தது என்று நாலு வரி சொந்தக் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அந்தச் சீட்டைப் புத்தகத்தில் செருகி வைப்போம். டீச்சர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கடைசிப் பக்கம் வரை படித்த புத்தகத்துக்குத்தான் சீட்டு எழுத வேண்டும்.

யாருடைய புத்தகம் முதலில் தீர்கிறது என்று எனக்கும் சேட்டனுக்கும் எப்போதும் ஒரு போட்டி. அவர் சீட்டில், "கடைசி அத்தியாயத்தை முதலில் பார்க்கிறவர்கள் கை விளங்காமல் போகட்டும்" என்று எழுதுவார். அதற்காகவே ஆட்கள் எடுத்துப் போவார்கள். "சேச்சியோட சீட்டு பாயசம் மாதிரி. இனிப்பு இருக்கு, உப்பு எங்க?" என்று என்னைச் சீண்டுவார்.

அந்த வருடம் நான் நாலு வைத்துவிட்டேன். ஒரு நாவல், ஒரு பயணக் கதை, ஒரு பெண்மணியின் வாழ்க்கைக் கதை, ஒரு சமையல் புத்தகம். ஐந்தாவது வகைக்கு எதுவும் அகப்படவில்லை. கடைசியில் வீட்டு வைத்தியப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். இருமலுக்கும் பித்தவெடிப்புக்கும் அதைப் பார்த்து ஏதேதோ செய்திருக்கிறேன், சரியாகவும் போயிருக்கிறது. அந்த மாதிரிப் புத்தகத்தை யார் முதலிலிருந்து கடைசி வரை படிப்பார்கள்? தேவைப்பட்ட பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்பும் போட வேண்டும் என்று நினைத்து இப்படி எழுதினேன்: "இந்தப் புத்தகம் என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாத்திரை டப்பாவுக்கு வேலை இல்லை. மருந்துக்கடைக்காரர் என்னை மறந்தே போய்விட்டார். நம்பி எடுத்துப் போங்கள்." கீழே என் கையெழுத்து.

என் வீட்டு மாத்திரை டப்பாவில் இருந்தது ஜலதோஷ மாத்திரையும் ஒரு தைலமும்தான். அதை நான் எழுதவில்லை.

முதல் நாளே அந்தப் புத்தகம் போய்விட்டது. எடுத்தவள் கீழே குடோனில் மிளகு பொறுக்குகிற பெண். கம்பம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், புருஷன் பெயிண்டர். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் வாரம் தவறாமல் வருவாள். நான் கொடுப்பதை எடுப்பாள், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டாள். அன்று நான் சேட்டனைப் பார்த்து நாக்கைத் துருத்தியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவள் படியேறி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. புத்தகத்தைக் கவுண்டரில் வைத்து, "இன்னும் ரெண்டு வாரத்துக்கு எழுதிக் குடுங்கக்கா. ஒங்க புண்ணியத்துல எங்க வீட்டுலயும் மாத்திரையத் தூக்கிப் போட்டாச்சு" என்றாள்.

"என்ன மாத்திரை?" என்றேன் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குத்தான். வலிப்பு மாத்திரை. மூணு வருசமா ஒண்ணுமே வரலல்ல, பெறகு எதுக்கு இதத் திங்கணும்னு அவரு எப்பவும் சலிச்சுக்குவாரு. நாந்தான் விடமாட்டேன். ஒங்க சீட்டப் படிச்சுக் காட்டுனேன். லைப்ரரி அக்கா கையெழுத்துப் போட்டுல்ல எழுதியிருக்காங்க, பெறகென்னன்னாரு. பத்து நாளாச்சு. நரம்புக்குன்னு அதுல போட்டிருக்கிற வேர அரச்சு மோருல குடுக்கேன்."

பதிவேட்டைத் தள்ளி வைத்தேன். புத்தகத்தைத் திறந்தேன். நான் ஒரு நாளும் பார்க்காத இடம், பொருளடக்கத்துக்கு முந்தைய பக்கம். பொடி எழுத்தில் நாலு வரி. இவை சிறு உபாதைகளுக்கு மட்டுமே என்றும், மருத்துவர் கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றும் போட்டிருந்தது.

"அவர் இப்ப எங்க?"

"வேலைக்குப் போயிட்டாரு. தேவராவுல. அந்த அஞ்சு மாடிக்கு வெளிச் சுவர் அடிக்கிறாங்கல்ல."

"சாரத்து மேலயா?"

அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு நின்றது. தினம் சாரம் ஏறுகிறவன், தினம் இறங்கி வருகிறவன். நிறுத்திய மாத்திரையையும் அந்தச் சாரத்தையும் அவள் அதுவரை சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. நான் கேட்ட விதம் அவளுக்கு அதைச் சேர்த்துக் காட்டிவிட்டது.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ஏறும்போது பையில போட்டுக் கீழ மாட்டிருவாருக்கா" என்றாள். மறுபடி போட்டாள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சேட்டன் அருகில் வந்து புத்தகத்தை, சீட்டை, என்னை என்று பார்த்தார். ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று நினைத்தேன். "நம்பர் இங்க எழுது. நான் விளிச்சுட்டே இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போ" என்றார். டீச்சர் எழுந்து வந்தார். தன் பர்சை எடுத்து என் கையில் திணித்தார்.

ஆட்டோ தோப்பும்படி தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாரத்துப் பலகை நனைந்தால் வழுக்கும் என்று நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். பிளாஸ்டிக் திரையை விலக்கி வானத்தையே பார்த்தாள். பாலம் தாண்டி ஐலண்டு ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. "கொஞ்சம் சீக்கிரம் அண்ணா" என்றேன். "பறக்க முடியாது சேச்சி. அந்தப் பொட்டி நகர்ந்தா நானும் நகரும்" என்றார் ஓட்டுநர்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு சொன்னா கேப்பீங்களா? அங்க போயி வலிப்புன்னு சொல்லிறாதீங்க. மேஸ்திரிக்குத் தெரியாது. தெரிஞ்சா ஏற விடமாட்டாரு. அவருக்கு வேற வேல தெரியாதுக்கா. ஒசரத்துல நின்னாத்தான் அவரு மனுசன் மாதிரி இருப்பாரு."

"பிறகு என்ன சொல்லிக் கூப்பிட?"

"அவங்க அம்மாவுக்கு சொகமில்லன்னு சொல்லுவோம்."

சரி என்றேன். அந்த நிமிஷம் அவள் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

தேவராவில் இறங்கியபோது மழை ஒதுங்கியிருந்தது. கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்ச் சாரம், பச்சை வலை. கீழே ஒரு கம்பத்தில் நாலைந்து பைகள் தொங்கின. அதில் ஒரு பை பாடிக்கொண்டிருந்தது. சேட்டன் விடாமல் கூப்பிடுகிறார். நாலாவது மாடி மட்டத்தில், பலகை முடிகிற இடத்தில், ஒருத்தர் ஒரு கையால் குழாயைப் பிடித்து இன்னொரு கையை ஜன்னல் மேல் விளிம்புக்கு எட்டி நீட்டிப் பிரஷ் ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் பெல்ட் இல்லை. "அவருதான்" என்றாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் கல் அறுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மிஷின் நின்ற இடைவெளியில் அவள் கத்தினாள். "ஏங்க! கீழ வாங்க! அத்தைக்கு முடியலயாம்!"

அவர் குனிந்து பார்த்தார். "எந்த அத்தைக்கு?"

"ஒங்க அம்மாவுக்கு!"

"காலைலதான பேசுனேன்! பணியாரம் சுட்டுட்டு இருந்துச்சு!" மேலே இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். "பொண்டாட்டிக்குப் பொறுக்கலப்பா, வேல செய்யுற எடத்துக்கே வந்துருச்சு" என்று ஒருத்தன் சொல்ல, இவரும் சிரித்துக்கொண்டே இன்னும் தள்ளிப் போனார், பலகையின் நுனிக்கு. "சாயா நேரத்துக்கு வாரேன். ஒக்காரு!"

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவள் என்னைப் பார்த்தாள். என்ன செய்ய என்று கேட்கிற பார்வை. எனக்குப் பேசத் தெரியும், அதுதான் என் பிழைப்பே. எந்த மனுஷனையும் நாலு வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவேன். அங்கே மேலே ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சாயா நேரத்துக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. பத்து நாள் வராதது இன்னும் அரை மணி நேரத்தில் வருமா என்ன என்று ஒரு நினைப்பு. வந்தால் என்ன என்று அடுத்த நினைப்பு. கீழிருந்து கத்தி விஷயத்தைச் சொன்னால் அவர் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவாரோ என்று மூன்றாவது.

மேஸ்திரி பெயிண்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். வயசானவர், திருநெல்வேலிப் பேச்சு. நான் அவரிடம் நடந்தேன். அவள் பின்னாலேயே வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, வேண்டாம். அக்கா." நான் நிற்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த நாலாவது மாடில நிக்கிறவருக்கு வலிப்பு உண்டு. மாத்திரையப் பத்து நாளா நிறுத்திட்டார். சத்தம் போடாம எறக்குங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"அத அப்புறம் சொல்றேன்."

மேஸ்திரி டப்பாவை விட்டு எழுந்தார். கல் அறுக்கிறவனைப் பார்த்துக் கையைக் காட்டி மிஷினை நிறுத்தச் சொன்னார். மேலே பார்த்துச் சாவகாசமாக, "ஏலே, அந்த நெறம் தப்பா வருதுல்லா. ஒரு கை அடிக்காம நில்லு, நான் வந்து பாக்கேன்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அந்த வயசில் அவர் குழாய் குழாயாகக் கால் வைத்து ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு யுகம். மேலே போய்ச் சுவரைத் தடவினார், ஏதோ சொன்னார், பெயிண்டர் இடுப்பில் ஒரு கையைப் போட்டுக்கொண்டார். இன்னொருத்தனைக் கண்ணால் கூப்பிட்டு முன்னால் இறங்கச் சொன்னார். ஒருத்தன் கீழே, நடுவில் அவர், மேலே மேஸ்திரி. இரண்டாவது மாடி வரும்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். "வுடுங்க, எனக்கு எறங்கத் தெரியும்" என்று ஒரு குரல். மேஸ்திரி விடவில்லை.

கால் தரையில் பட்டதும் அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"நீங்க யாரு?"

"லைப்ரரில..."

"ஓ. அந்தச் சீட்டு எழுதுன அக்காவா?" கையில் இருந்த பெயிண்டை வேட்டியில் துடைத்தார். "மாத்திர வேண்டாம்னும் நீங்கதான் சொன்னீங்க. இப்ப எறங்குன்னும் நீங்கதான் சொல்றீங்க. ஒங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"நான் அந்தப் புத்தகத்தை முழுசாப் படிக்கல" என்றேன். அதைத் தவிர உண்மையான பதில் வேறு இல்லை. "ஜலதோஷத்துக்குப் பார்த்துட்டு எல்லாத்துக்கும் நல்லதுன்னு எழுதிட்டேன்."

அவர் சிரித்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "பத்து நாள் நின்னேன் மேல. ஒண்ணும் ஆகல. இன்னைக்குத்தான் ஆயிருக்கு."

மேஸ்திரி செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மூணு வருசமா எங்கிட்ட மறச்சு ஏறியிருக்க. ஒனக்கு ஒண்ணுன்னா ஒங்க அம்மைக்கு நான் என்னடே பதில் சொல்ல? ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் ஏறலாம்னு எழுதிக் குடுத்தா வா. இல்லன்னா கீழ ஜன்னல் கம்பிக்கு அடி. மேல ஏறப்படாது." மேலே சிரித்தவர்கள் இப்போது எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவர் மாத்திரை வாங்குகிற ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒருவேளை நான் ஒன்றும் இல்லாததற்கு ஒரு மனுஷனின் வேலையைக் கெடுத்துவிட்டேனோ என்று அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். ஒன்றும் நடக்காததை வைத்து நான் செய்தது சரி என்று யார் சொல்ல முடியும்? சீட்டு எழுதியது தப்பு என்பது மட்டும் எங்கள் மூன்று பேருக்குமே சந்தேகமில்லாமல் தெரியும்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். மாத்திரையைத் திடுமென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று அவர் கோபப்பட்டபோது நானும் சேர்த்துத்தான் திட்டு வாங்கினேன். பிறகு, காலையில் எழுந்ததும் கை சட்டென்று வெட்டி இழுக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இல்ல" என்றார் அவர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் தன் வலது கையைத் திருப்பி, நகத்தில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

"முந்தாநாள் காலைல சாயா கிளாசு கையிலருந்து தெறிச்சு விழுந்துச்சு" என்றார் யாரையும் பார்க்காமல். "தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். நேத்து பிரஷ்ஷு."

"பிரஷ் எங்க வச்சு?" என்று அவள் கேட்டாள்.

அவர் கட்டை விரலால் மேலே காட்டினார், அவ்வளவுதான். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

டாக்டர் நிறைய எழுதினார். மாத்திரையை எப்படி மறுபடி தொடங்குவது என்று நர்ஸிடம் சொல்லி அனுப்பினார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அவள் புருஷன் அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். கோபமாக இல்லை. களைத்துப்போய்.

"எத்தன மாசம் ஏறக் கூடாதுன்னு போட்டிருக்கு? நீங்கதான் எல்லாம் படிக்கிறவங்க. படிச்சுச் சொல்லுங்க."

"கொஞ்ச நாள்தானக்கா இருக்கும்?" என்றாள் அவள். கட்டடத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

காகிதம் முழுக்க இங்கிலீஷ். அதிலும் டாக்டர் கையெழுத்து. நடுவில் ஒரு எண் மாதிரி இருந்தது. ஆறாகவும் இருக்கலாம், சுழித்துப் போட்ட வேறு எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பேர் முகமும் என் வாயையே பார்த்தன. கொஞ்ச நாள்தான், ஓணத்துக்குள் ஏறிவிடலாம் என்று சொல்ல என் நாக்கு தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள். அவ்வளவுக்குப் பிறகும் நம்பியிருப்பார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு இது படிக்கத் தெரியாது" என்றேன்.

"தெரியாதா?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

"தெரியாது. டாக்டர்கிட்டயே கேட்போம்."

வரிசை அதற்குள் வராந்தா முனை வரை வளர்ந்திருந்தது. மறுபடி அதன் கடைசியில் போய் நின்றோம். அவர் எனக்கு முன்னால், காகிதத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கை வெட்டி இழுக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.